கம்போங் ராஜாவில் ஒரு மதியச் சாப்பாடு

கேமரன் மலையில், கியா பார்ம் சந்தையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கடை வரிசைக்கு முன்னால் நின்று ஓர் அம்மா அவித்த சோளக்கதிர் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பசிக்குச் சாப்பிடுகிற மாதிரி இல்லை. ருசிக்குச் சாப்பிடுகிற மாதிரியும் இல்லை. மருந்து விழுங்குகிற முகம். ஒரு வரிசை முத்தைக் கடித்து, மென்று, விழுங்கி, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

வேனில் வந்த மற்றவர்கள் ஸ்ட்ராபெரி பெட்டிகளோடும் தேன் புட்டிகளோடும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"பிடிக்கலன்னா வச்சிருங்கக்கா. கட்டாயமா என்ன?"

"இல்லம்மா. முடிச்சிடுறேன்."

"இனிப்பா இருக்கா?"

கதிரை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "சீனி போட்டு அவிச்ச மாதிரி இருக்குன்னு சொன்னா," என்றார்.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. வேனுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் மீதியையும் தின்று முடித்து, தக்கையைக் குப்பைத்தொட்டியில் போட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார்.

அவர் பெயர் தனலெட்சுமி. பந்திங் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறவர். இரண்டு நாள் சுற்றுலாவுக்குத் தனியாக வந்திருந்தார்.

வடக்குச் சுற்று

இதற்கு முந்தைய வாரங்களைப் படித்தவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்றால், ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நான் ரீட்டா. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இப்போது அதே மலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறவள். வேனும் நான்தான் ஓட்டுகிறேன், கதையும் நான்தான் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் கிளம்பி தாப்பா வழியாக மலையேறுவோம். ஒரு ராத்திரி மேலே தங்கல். மறுநாள் கம்போங் ராஜா வழியாக ஈப்போ பக்கம் இறக்கம். ஈப்போவில் அவித்த கோழியும் பருத்த முளைப்பயறும் சாப்பிட்டு, ஒரு வெள்ளைக் காப்பி குடித்துவிட்டுத் திரும்புவோம். இதை நாங்கள் வடக்குச் சுற்று என்போம்.

ஏறுகிற சாலை வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியது. குடல் மாதிரி சுற்றும். ஒரு லோரி எதிரே வந்தால் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்க வேண்டும். இறங்குகிற சாலை என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் போட்டது. அகலமான, வழவழப்பான சாலை. பழைய சாலையில் பயம் இருக்கிறது, அதனால் மெதுவாகப் போவார்கள். புதிய சாலையில் பயம் இல்லை. நான் அதிகம் பயப்படுவது அந்தப் புதிய சாலைக்குத்தான்.

ஏரியின் நிறம்

முதல் நாள் ரிங்லெட்டைத் தாண்டி அணைக்கட்டு ஏரி வரும்போது பயணிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஏன் இந்தத் தண்ணீர் இழுத்து ஆற்றிய பால் தேநீர், தே தாரிக் நிறத்தில் இருக்கிறது?

மேலே காட்டை வழித்துத் தோட்டம் போட்டால் மண் எங்கே போகும், இங்கேதான் வரும் என்று சொல்வேன். அதோடு விட்டுவிடுவேன். ஏரிக்குக் கீழே லெம்பா பெர்த்தாமில் என் தங்கச்சி குடும்பம் காய்கறி போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளம் வந்த வருஷம் சேறு அவள் வீட்டு ஜன்னல் வரைக்கும் நின்றது. ஆட்கள் தப்பித்தார்கள். பக்கத்தில் சிலர் தப்பவில்லை. அதையெல்லாம் விடுமுறைக்கு வந்தவர்களிடம் சொல்வதில்லை.

அன்றைக்கு என்னவோ தங்கச்சி வீட்டைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சேறு சுத்தமா போறதுக்கு எவ்ளோ நாள் ஆச்சும்மா?"

தனம் அக்காதான். ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

"தரையில போயிருச்சுக்கா. கதவு இடுக்கு, சாமான் இடுக்குலல்லாம் இன்னும் வருதுங்குறா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். ஏரியைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை

தேயிலைத் தோட்டத்தில் ஒரு மாடம் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே நின்றால் மலை முழுவதும் சீப்பு வைத்து வாரிவிட்ட மாதிரி வரிவரியாகத் தெரியும். எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் என் பாடத்தை ஒப்பிப்பேன். நிலம் அளக்க வந்த ஒரு வெள்ளைக்காரனின் பெயர்தான் மலைக்கு. அவன் சொன்ன மேட்டுநிலத்தைப் பிறகு வந்தவர்கள் பல காலம் தேடிக்கொண்டிருந்தார்கள். காட்டைச் சுட்டு, கன்று வைத்தார்கள். கங்காணிமார் கூட்டி வந்த ஆட்கள், மேலே துரையின் பங்களா, நடுவில் கணக்கெழுதும் கிராணியின் வீடு, கீழே எங்கள் லயம்.

சொல்லாதது ஒன்று உண்டு. என் அப்பா பூச்சிமருந்து அடிக்கிற வேலை பார்த்தார். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, மூக்கில் அம்மாவின் பழைய சேலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு, நீங்கள் படம் எடுக்கிற அதே வரிகளுக்கு நடுவே நடந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டை எங்கள் பக்கம் வரவிடமாட்டார். அவர் கைபட்ட எதையும் எங்களுக்கு ஊட்டியது கிடையாது. கடைசி வருஷங்களில் அவருடைய மூச்சுச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. இப்போது அந்த வரிகளுக்கு நடுவே வங்காளதேசத்துப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வெட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பச்சை அதே பச்சைதான்.

மாடத்துக் கடையில் தனம் அக்கா தேநீரும், வெண்ணெய் தடவிய அந்த வெள்ளைக்கார ரொட்டியும் வாங்கி உட்கார்ந்தார். பிட்டு வாயில் வைத்ததும் முகம் சுருங்கியது.

"காஞ்சு போயிருக்கு," என்றார் என்னிடம். "தொண்டையில நிக்குதுன்னா. சரியாத்தான் சொல்லியிருக்கா."

அப்போதும் நான் கேட்கவில்லை. தனியாக வருகிற பயணிகள் தங்களோடு யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். அது என் அனுபவம். பெரும்பாலும் அவர்கள் உயிரோடு இருப்பதில்லை. அதனால் நான் கேட்பதில்லை.

போன் அடித்த இடங்கள்

கியா பார்மில் சோளம் தின்ற பிறகு, முன்சீட்டில் உட்காரலாமா என்று கேட்டார். பின்னால் கிள்ளானிலிருந்து வந்த குடும்பம் ஸ்ட்ராபெரி புளிக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஏறச் சொன்னேன்.

இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள். வெயில் பட்டால் மலைச்சரிவு முழுக்கத் தகரம் அடித்த மாதிரி மின்னும். அன்றைக்கு வெயில் இல்லை.

"மதியம் கம்போங் ராஜாவுல எந்தக் கடையில நிப்பாட்டுவீங்க ரீட்டாம்மா?"

"சாகுல் பாய் கடைக்கா. நல்லாருக்கும்."

"பக்கத்துல பச்சை பெயிண்டு அடிச்ச சின்னப் பள்ளிவாசல், சூராவ் இருக்குமா?"

"ஆமா. எப்பிடித் தெரியும்? வந்திருக்கீங்களா?"

"நான் வரல. எம் மக வந்தா. அங்கேருந்துதான் கடைசியா போன் பண்ணா."

மகள் எந்த பஸ்ஸில் வந்தாள் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புதிய சாலையில், கம்போங் ராஜாவைத் தாண்டிய ஒரு வளைவில், பல வருஷங்களுக்கு முன் மழையில் பள்ளத்துக்குள் போன அந்த பஸ்ஸை மலையில் தெரியாதவர்கள் கிடையாது. பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். வேகம் என்றார்கள். ஒரு தொழிற்சாலைப் பிள்ளைகள் சுற்றுலா வந்த பஸ்.

மகள் பெயர் ஷர்மிளா. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததாம். கம்பெனிச் சுற்றுலா என்றதும் தனம் அக்கா போகாதே என்றிருக்கிறார்.

"மலை ரோட்டுல பஸ்ல போவாதடின்னேன். ஒவ்வொரு எடத்துலயும் எறங்குனதும் போன் பண்றேம்மா, அப்ப பயம் போயிரும்லன்னா. சொன்ன மாதிரியே பண்ணா. நீர்வீழ்ச்சிகிட்ட, தேயிலைகிட்ட, இங்க, எல்லா எடத்துலயும். என்ன தின்னா, எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லுவா. சமைக்கிறவ மக இல்லையா."

"அதைத்தான் நீங்களும் சாப்பிட்டுக்கிட்டு வரீங்களா?"

"ஆமா. வேற எப்பிடி வர்றதுன்னு தெரியல."

இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். வீட்டுக்காரர் இருந்தவரை இந்த மலையின் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது. அவர் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆஸ்பத்திரியில காட்டுனப்ப சட்டையெல்லாம் சேறு. கழுத்துல, காதுக்குள்ளல்லாம் சேறு. மொகம் மட்டும் சுத்தமா இருந்துச்சு. நீங்க தொடைச்சீங்களான்னு கேட்டேன். இல்லம்மா, இப்பிடித்தான் வந்துச்சுன்னாங்க. எல்லாரும் என்ன சொன்னாங்க? ஒடனே உயிர் போயிருச்சு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னாங்க. சரின்னு கேட்டுக்கிட்டேன். ஆனா செத்தவ மொகத்த அந்தச் சரிவுல ஒக்காந்து யாராச்சும் தொடைப்பாங்களா ரீட்டாம்மா?"

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எனக்குப் பதில் தெரியும். அந்தப் பள்ளத்தில் யார் இறங்கினார் என்று தெரியும். அவருடைய கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

சாகுல் பாய்

கம்போங் ராஜா பெரிய ஊர் இல்லை. உரக்கடை, காய்கறி ஏற்றுகிற லோரிகள், கிளந்தானுக்கும் பேராக்குக்கும் பிரிகிற சாலை. லோரிக்காரர்களுக்குச் சோறு போடுவதற்காக சாகுல் பாயின் அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்து போட்ட ஒட்டுக்கடை, இப்போது தரை பதித்த கடை. மீன் குழம்பில் அவர்கள் ஊர்க் கை தெரியும். புளி தூக்கலாக, எண்ணெய் மேலே மிதக்கும்.

எல்லோரையும் உட்கார வைத்தேன். தனம் அக்கா சுவரோரமாக உட்கார்ந்து சோறும் மீன் குழம்பும் ஓர் அவித்த முட்டையும் கேட்டார். நான் நேராக அடுப்படிக்குப் போனேன்.

"பாய், அந்த ஓரமா ஒக்காந்திருக்குற அக்காவப் பாத்தீங்களா?"

"ஏன், என்ன வேணுமாம்?"

"பஸ்ஸுல போன புள்ளைங்கள்ல ஒரு புள்ளையோட அம்மா. ஷர்மிளான்னு பேரு."

அவர் கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு அடுப்பை அணைத்தார்.

அன்று நடந்தது எனக்குத் தெரியும். பஸ் பள்ளத்தில் விழுந்த சத்தம் கேட்டு முதலில் ஓடியவர்களில் அவரும் ஒருவர். லோரியில் காய்கறிக் கூடைகளைக் கட்டுகிற கயிற்றை எடுத்துப் போய், தோட்டத்தில் வேலை செய்த வங்காளதேசத்துக்காரர்கள் இரண்டு பேரோடு கீழே இறங்கினார். ஒரு பெண் பிள்ளை கால் சிக்கிக் கிடந்தது. இழுக்க முடியவில்லை. கீழேயிருந்து வண்டிகளும் கருவிகளும் வந்து சேர வேண்டும். மழை, பனி, தூரம். அவர் அந்தப் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இதை அவர் ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளையின் பெயரைச் சொன்னார், வேறொன்றும் விரிவாகச் சொல்லவில்லை.

"அவங்க கேக்குறாங்க பாய். முகத்த யாரு தொடைச்சதுன்னு."

"நான் சொல்ல முடியாது."

"ஏன்?"

"அந்தப் புள்ள சொல்லாதீங்கன்னு சொல்லுச்சு." அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, ரொம்ப பயந்துருவாங்க, நல்லானப்புறம் நானே சொல்லிக்கிறேன்னு சொல்லுச்சு. சரிம்மான்னேன். அதுக்குப் பொறவு யாருகிட்டயும் சொல்றதில்ல."

"அவங்களா உங்ககிட்ட கேட்டாங்கன்னா?"

"கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேக்காத வரைக்கும் தொறக்க மாட்டேன். நீங்களும் தொறக்காதீங்க லா."

நான் வெளியே வந்தேன். எனக்கு முன்னால் தட்டு வந்தது. சோற்றில் கை வைக்க முடியவில்லை. ஒடனே போயிட்டா என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இத்தனை வருஷம் நின்றிருக்கிறாள். அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை? பிடுங்காமல், சோற்றைத் தின்ன வைத்து வேனில் ஏற்றிக்கொண்டு போக மட்டும் என்ன உரிமை? சிலுவை போட்டுக்கொண்டேன்.

துடைத்த துணி

சாகுல் பாயே தேநீர் கொண்டுவந்தார். வேலைக்கு ஆள் இருந்தும் அவரே கொண்டுவந்தார். தனம் அக்காவின் முன்னால் கிளாஸை வைக்கும்போது தேநீர் மேசையில் கொட்டிவிட்டது. தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டை எடுத்து அவசரமாகத் துடைத்தார்.

தனம் அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். பிறகு தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். என் முகத்தை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

"தம்பி," என்றார். "எம் மக மொகத்தத் தொடைச்சது நீங்களா?"

சாகுல் பாய் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அதுவே பதிலாக இருந்தது.

"மழையில சேறு கண்ணுக்குள்ள எறங்கிக்கிட்டே இருந்துச்சுக்கா," என்றார். "தொடைக்கத் தொடைக்க எறங்குச்சு. கண்ணு எரியுதுன்னு சொல்லுச்சு. அதான்."

"அப்ப பேசினாளா?"

"பேசுச்சு."

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"கத்துனாளா?"

"கத்துச்சு. மொதல்ல ரொம்ப. பொறவு இல்ல."

"தண்ணி கேட்டாளா?"

"கேட்டுச்சு. துணிய நனைச்சு ஒதட்டுல வச்சேன். குடுக்கலாமா கூடாதான்னு தெரியல எனக்கு."

கிள்ளான் குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

"எவ்ளோ நேரம் தம்பி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"அசர் பாங்கு காத்துல கேட்டுச்சு. அப்ப பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. மக்ரிப்புக்கு இல்ல."

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நடந்த விபத்து அது. அசர் என்றால் பிற்பகல் நாலரை மணி வாக்கில் வரும் தொழுகை, மக்ரிப் என்றால் இருட்டுகிற நேரம். தனம் அக்கா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து அழுத்திக்கொண்டார். அழவில்லை.

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லுச்சுக்கா," என்றார் சாகுல் பாய். "நீங்க பயந்துருவீங்கன்னு. நான் வாக்கு குடுத்திருந்தேன். இப்ப மீறிட்டேன்."

தனம் அக்கா எழுந்து போய்க் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார். திரும்பி வந்து, பாதி சாப்பிட்டு வைத்திருந்த தட்டைப் பார்த்தார்.

"கொழம்பு நம்ம வீட்டு மாதிரியே இருக்குன்னு சொன்னா," என்றார் யாரையும் பார்க்காமல். "இல்ல. நான் இவ்ளோ புளி ஊத்த மாட்டேன். என்னை சமாதானப்படுத்தச் சொல்லியிருக்கா."

இறக்கம்

கம்போங் ராஜாவிலிருந்து இறங்கும் சாலையைப் பற்றி நான் நிறையப் புகழ்ந்து பேசுவேன். மேகம் சாலைக்குக் கீழே கிடக்கும். மலைக்குப் பின்னால் மலை, ஒவ்வொன்றும் ஒரு படி மங்கல். அடிவாரத்தில் ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் சமதரையிலிருந்து முளைத்த பல் மாதிரி நிற்கும். அன்று ஒன்றும் பேசவில்லை.

அந்த வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். புதிதாகப் போட்ட இரும்புத் தடுப்பு. அதற்கப்பால் பெரணிச் செடிகள் முன்பைவிட அடர்த்தியாக வளர்ந்திருந்தன. நிறுத்தட்டுமா என்று கேட்பதற்காகத் திரும்பினேன்.

"நிப்பாட்டாதீங்க," என்றார். "போங்க."

ஈப்போவில் மற்றவர்கள் கோழிச்சோறு சாப்பிடப் போனார்கள். அவர் இறங்கவில்லை. நானும் வேனிலேயே இருந்தேன். அந்த ஊரின் சூடு உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"ஒடனே போயிட்டான்னு நெனச்சுத்தான் இத்தன வருஷம் சோறு தின்னேன் ரீட்டாம்மா. இனிமே எப்பிடித் திம்பேன்? இருட்டுற வரைக்கும் கெடந்திருக்கா. அந்த நேரம் நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? டிவி பாத்துக்கிட்டிருந்தேன். ஈப்போ போயி போன் பண்ணுவான்னு."

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டார்.

"வேற கடையில நிப்பாட்டியிருக்கலாம் நீங்க."

நீங்கள்தானே அந்தக் கடையைப் பற்றிக் கேட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் கோபம் கடை மேலும் இல்லை. கோலாலம்பூரில் இறங்கும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு பல வாரம் வடக்குச் சுற்றுக்கு நான் வேறு கடையில்தான் நிறுத்தினேன். ஒரு நாள் சாகுல் பாய் போன் செய்து, ஏன் வருவதில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வி முடிவதற்குள் அவரே, "எனக்கும் அடுப்புகிட்ட நிக்க முடியல அக்கா," என்றார். வாக்கை மீறியது சரியா என்று பள்ளிவாசல் இமாமிடம் கேட்டாராம். தாய்க்குச் சொன்னதில் பாவமில்லை என்றாராம் இமாம். அப்படியும் தூக்கம் வரவில்லையாம்.

ஒரு கேள்வி

மழைக்காலம் போய் அடுத்த பள்ளி விடுமுறை வந்தது. பிரிஞ்சாங் மார்க்கெட் பக்கம் பயணிகளை இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். தனம் அக்காவின் நம்பர் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

"நல்லாருக்கீங்களா?" என்றார். அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்தார். "அன்னிக்கு கத்துனாளான்னு கேட்டேன். ஆமான்னாரு அந்தத் தம்பி. என்ன சொல்லிக் கத்துனான்னு கேக்காம வந்துட்டேன். அதுவே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு. படுத்தா வருது, எந்திரிச்சா வருது. கேட்டுச் சொல்றீங்களா?"

மறுநாள் கம்போங் ராஜாவுக்குப் போனேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அம்மா என்றுதான் கத்தியிருப்பாள், வேறு என்ன? அதை அந்தத் தாயிடம் எந்தக் குரலில் சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

சாகுல் பாய் கேள்வியைக் கேட்டதும் கடைக்குள்ளே பார்த்தார். லோரிக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை வெளியே, கோழிக்கூடைகள் அடுக்கி வைத்திருக்கிற பக்கம் கூட்டிப்போனார்.

"அத எப்பிடிக்கா உங்ககிட்ட சொல்றது?"

"நான் சொல்லித்தான் ஆகணும் பாய்."

"டிரைவரத் திட்டுச்சு," என்றார். "கெட்ட வார்த்தை. லோரிக்காரங்களுக்கே சோறு போடுறவன் நான், அப்பிடி ஒண்ண நான் கேட்டதில்ல. நல்ல வீட்டுப் புள்ள மாதிரி இருந்துச்சு. செத்த புள்ளையப் பத்தி எப்பிடிச் சொல்றதுன்னுதான் அவங்ககிட்ட சொல்லல."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, அந்த வசவை முணுமுணுப்பாகச் சொன்னார். இந்த வார இதழில் அதை அச்சிட மாட்டார்கள். நீளமான ஒரு முழு வாக்கியம். டிரைவரின் பரம்பரையில் ஓர் ஆளையும் விட்டுவைக்காத வாக்கியம்.

வேனில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தேன்.

"அக்கா, பாய்கிட்ட கேட்டேன். அவ டிரைவரத் திட்டிக் கத்துனாளாம்."

"என்னன்னு?"

"கெட்ட வார்த்தைக்கா."

"சொல்லுங்க."

"எப்பிடிக்கா நான்..."

"அவ சொன்னத அப்பிடியே சொல்லுங்க ரீட்டாம்மா."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள் நான். என் பிள்ளைகள் முன்னால் ஒரு தரக்குறைவான வார்த்தை பேசியதில்லை. கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் முட்டைக்கோஸ் கூடைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாகுல் பாய் சொன்னதை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு ஒலி வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். அது சிரிப்பு என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. இரண்டு நாள் கூட இருந்தும் அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"அது என் வார்த்தை ரீட்டாம்மா," என்றார். மூச்சு வாங்கியது. "கேன்டீனுக்குக் காய்கறி லேட்டா வந்தா லோரிக்காரன நான் திட்டுறது. சின்னப் புள்ளையில வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருப்பா. வாயில சூடு வப்பேன்டின்னு மெரட்டியிருக்கேன்."

மறுபடி சிரித்தார். அது நடுவில் உடைந்து வேறாக மாறியது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஒரு எழுத்துகூட மாத்தல அவ," என்றார்.